மாமாவுக்கு ஒளிவட்டம்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தும் முயற்சியைக் கைவிட்டுக் கனகாலமாகிவிட்டது. வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் என்பதுவரை அவாவுக்குப் பிரச்சினை இல்லை. அதற்கு மேல்தான் சிக்கல். ஒரு படத்தைக் காட்டினால் அதில் நிற்பது மாடா மோட்டார் சைக்கிளா என்று கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது, இல்லாத மாட்டை அதுவே எப்படி வரைகிறது என்பதெல்லாம் என் ஆராய்ச்சி.

"மாட்டைப் பாத்தா மாடு எண்டு தெரியாதோ? அதுக்கேன் கொம்பியூட்டர்?" என்று ஒருமுறை அம்மா கேட்டா.

நான் குளிர்நாடொன்றில் வருடக்கணக்காக இருந்து கலாநிதிப் பட்டம் எடுத்ததே ஏறக்குறைய அந்த மாட்டுக்காகத்தான். ஊரில் அவா "பிள்ளை கொம்பியூட்டர் திருத்துது" என்று சொல்லிவைத்திருக்கிறா. அதனால் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் கண்ணாடி வெடித்த ஃபோன்களோடு ஆட்கள் வருவார்கள். ஒன்றிரண்டைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஊரில் எனக்கு இருக்கிற மரியாதை கலாநிதிப் பட்டத்தால் வந்ததில்லை, அந்த ஃபோன்களால் வந்தது.

ஊர் முல்லைத்தீவுக் கரையில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் தேங்கும் களப்பு, நடுவில் நாங்களும் கோயிலும். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். கோயில் புனிதரின் பெயரையும் சொல்லமாட்டேன். சொன்னால் என் மாமா யாரென்று தெரிந்துவிடும். அவருக்கு இப்போதே புகழ் கூடிப்போய்க் கிடக்கிறது.

படம் வரையும் மொடல்கள் எப்போது மனப்பாடம் செய்கின்றன என்பதுதான் என் பட்ட ஆய்வு. விஷயம் லேசானது. ஒரு மொடலுக்கு ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்றுகிறோம். அது பொதுவான வடிவங்களைப் பிடித்துக்கொண்டு புதுப் படம் வரைய வேண்டும். சில மொடல்கள் அப்படிச் செய்யாமல், பார்த்த படத்தையே திருப்பிக் கக்கும். பழைய வினாத்தாள் ஒன்றுக்கு விடை பாடமாக்கிவிட்டு வந்து, எந்தக் கேள்வி வந்தாலும் அதையே எழுதும் மாணவர்கள் எனக்கு ஒவ்வொரு வருடமும் கிடைக்கிறார்கள். அவர்களைப் போலத்தான்.

நாடு திரும்பிய பிறகு பெரிய நிறுவனங்களின் மொடல்களைச் சீண்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. "வன்னி மீனவர்" என்று கேட்டால் தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர் வருவார், உலகத்துக் கவலை முழுவதையும் கண்ணில் தேக்கிக்கொண்டு. பின்னால் பனி மூடிய மலை. முல்லைத்தீவில் மலை என்று காட்ட இருப்பது குவித்து வைத்த கரைவலைதான். கிளிநொச்சி வயல் கேட்டால் தேயிலைத் தோட்டம் வரும். கல்யாணப் பொம்பிளை கேட்டால் நகைக்கடை விளம்பரம் வரும். எங்கள் சனத்தின் படங்களைக் கூடுதலாகக் காட்டி ஒரு மொடலைத் திருத்தி எடுக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆளைக் கேட்டு, சம்மதம் வாங்கி, படம் எடுப்பது. எவ்வளவு கஷ்டமாக இருந்துவிடப் போகிறது?

வன்னியில் படம் கேட்டுப் போவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யுத்தம் முடிந்த நாளிலிருந்து இங்கே கமராவோடு வராத ஆள் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் ஏதாவது தருவதாகச் சொல்லித்தான் படம் எடுத்தார்கள். கண்டாவளையில் ஒரு வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா நெல்லுக் காயவிட்டுக்கொண்டிருந்தா. நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"வீட்டுத் திட்டமோ?"

"இல்லையம்மா."

"மலசலகூடமோ?"

"அதுவும் இல்லை."

"கோழிக்குஞ்சு?"

"இல்லை. இது ஆராய்ச்சி. கொம்பியூட்டருக்கு எங்கட முகம் தெரியேல்லை. அதுக்குப் பழக்கோணும்."

அவா நெல்லைக் காலால் அளைந்தா. "தெரியாம இருக்கிறதுதான் நல்லம் பிள்ளை," என்றா. பிறகு மிக அன்பாகத் தேத்தண்ணி தந்து அனுப்பிவிட்டா. ஸ்கந்தபுரத்தில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் கிடைத்தன, படம் கிடைக்கவில்லை. மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது பழக்கடைக்காரர் ஒருவர் தன் பழங்களை மட்டும் எடுக்க அனுமதித்தார். எங்கள் ஊரிலேயே ஒரு சிலர்தான் சம்மதித்தார்கள்.

இந்த வறட்சியில்தான் மாமா மழையாக வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. கடலுக்கும் போவார், களப்பிலும் தொழில் செய்வார். இரண்டிலும் மீன் படாத நாளில் கள்ளுத் தவறணைக்குப் போவார், பட்ட நாளில் கட்டாயம் போவார். படம் எடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு விருப்பம். நான் வெளிநாட்டில் இருந்த காலம் முழுக்க நாள்தோறும் வாட்ஸ்அப்பில் அவருடைய முகம் வரும். வலையோடு மாமா. பாரை மீனோடு மாமா. செத்தவீட்டில் மாமா. கறுப்புக் கண்ணாடி போட்டு, யாருடையவோ புது மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி மாமா. படம் தேவை என்று நான் சொன்னதும், "உன்னட்ட இருக்கிறதெல்லாத்தையும் எடு. காணாட்டிச் சொல்லு, இன்னும் அனுப்பிறன்," என்றார். காணாது என்று சொன்னேனோ இல்லையோ, அனுப்பிக்கொண்டே இருந்தார்.

இப்படித்தான் என் தரவுத்தொகுப்பில் கொஞ்சம் ஊரும் நிறைய மாமாவும் சேர்ந்தார்கள். ஒரே ஆளின் படம் அளவுக்கு மீறி இருந்தால் என்ன நடக்கும் என்று ஆய்வேடு எழுதியவள் நான். அதற்குத் தடுப்பு முறையும் போட்டேன். ஒரே மாதிரியான படங்களைக் கழித்துவிடும் ஒரு நிரல். அந்த நிரல் மாமாவின் சாரத்தையும் சட்டையையும் பின்னணியையும் பார்த்தது. ஒவ்வொன்றும் வேறுவேறு படம் என்று சொல்லி எல்லாவற்றையும் உள்ளே விட்டது.

துறையில் இருந்த ஒரே நல்ல கணினியில் மொடல் கிடந்து பழகியது. குளிரூட்டி வேலை செய்யும் ஒரே அறையும் அதுதான் என்பதால், அந்த நாட்களில் என் ஆராய்ச்சியில் சக விரிவுரையாளர்களுக்கு இருந்த அக்கறை சொல்லி மாளாது. கடைசியில் படங்கள் வரத் தொடங்கின. மலை போய்விட்டது. தலைப்பாகை போய்விட்டது. ஃபைபர் படகு, நீலப் பிளாஸ்டிக் பீப்பா, மடித்துக் கட்டிய சாரம், முற்றத்தில் வெள்ளைக் கதிரை எல்லாம் சரியாக வந்தன. முகங்கள் எங்கள் முகங்கள் போலவே இருந்தன. பார்க்கப் பார்க்க மனதுக்கு நெருக்கமாக இருந்தன. எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில், "கரையோர மக்களின் பொதுவான முகவமைப்பை மொடல் கற்றுக்கொண்டுள்ளது" என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப் போய் நல்ல பிளேன்ரீ ஒன்று குடித்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த நேரத்தில்தான் எங்கள் கோயில் பாதர் அழைத்தார். திருவிழா வருகிறது. வாசலில் கட்டப் பெரிய பனர் ஒன்று அடிக்க வேண்டும். இணையத்தில் எடுக்கும் புனிதர்கள் எல்லாரும் வெள்ளைக்காரராக, நீலக் கண்ணோடு இருக்கிறார்கள்.

"எங்கட சனத்தைப் போல ஒரு புனிதர் செய்து தரேலுமோ? மீன்பிடிகாரர்தானே அவரும்," என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆராய்ச்சி சமூகத்துக்குப் பயன்பட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கைகளில் எழுதிக்கொண்டே இருப்பார்கள். இதோ பயன். நரைத்த தாடி, நீண்ட அங்கி, கையில் வலை, பின்னால் களப்பு, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் என்று கேட்டேன். வந்த படங்களில் கையில் விரல் சரியாக இருந்த ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். விரலைத்தான் எண்ணினேன், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த முகத்தை மாதக்கணக்காகத் திரையில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்த அம்மாவுக்கு ஃபோனில் காட்டினேன்.

"வடிவாயிருக்கு. எங்கயோ கண்ட முகம்," என்றா.

புனிதர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் மகிழ்ந்தேன். பாதருக்கும் படம் பிடித்துப்போனது. பாதர் ஊருக்குப் புதியவர், மாமாவை அவர் கண்டதில்லை. முன்பிருந்த பாதர் ஒருமுறை குடியைப் பற்றிப் பிரசங்கம் வைத்தபோது மாமாவையே பார்த்துக்கொண்டு வைத்தாராம். மாமா எழும்பி, "பாதர், பேரைச் சொல்லியே கதையுங்கோ," என்றுவிட்டு வெளியே போனவர்தான். அதன் பிறகு அவர் கோயில் வாசலோடு சரி.

கொடியேற்றத்தன்று பின்னேரம் ஊர் முழுக்க வாசலில் நின்றது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே பனரைச் சுருட்டியபடி கட்டியிருந்தார்கள். கயிற்றை இழுத்ததும் மேலிருந்து கீழாக விரிந்தது. முதலில் ஒளிவட்டம். பிறகு நெற்றி. பிறகு கண், மூக்கு. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியம்மா சிலுவை அடையாளம் போடத் தொடங்கினா. நெற்றிக்கும் நெஞ்சுக்கும் போன கை தோளுக்குப் போகாமல் நின்றுவிட்டது.

பாண்ட் வாத்தியம் அடித்து முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், சத்தமில்லாமல் ஆனால் எல்லாருக்கும் கேட்கக்கூடியதாக, சொன்னது:

"உது கம்பஸ் பிள்ளையின்ர மாமனெல்லே?"

ஒருவர் தும்மினார், அது சிரிப்பாக மாறியது. பிறகு எல்லாம் கைமீறிவிட்டது. கோயில் சபைத் தலைவர் என்னைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, முகம் மட்டும் சிவப்பு. "இதென்ன பகிடி?" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். மாதக்கணக்காக நான் பார்த்துவந்த கரையோர மக்களின் பொதுவான முகவமைப்பு, தாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தது. இடது புருவத்தில் மாமாவின் தழும்புகூட இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாமா சைக்கிளில் கரைப்பக்கமிருந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. "சாமி, நாளைக்குக் கடல் எப்பிடி?" என்று ஒருவர் கேட்டார். மாமா பனரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

பாதரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப, அது ஆரைக் கூடக் கண்டதோ, அவரைத்தான் எங்கயும் வரையும்?"

"ஓம் பாதர்."

"பரவாயில்லை. என்னட்டப் படிச்ச பிள்ளையளும் அப்பிடித்தான். மாட்டை வரையச் சொன்னாலும் என்னைத்தான் வரைவினம்." சிரித்துவிட்டு, "ஆனா இது சபைத் தலைவருக்கு விளங்காது," என்றார்.

அடுத்தநாள் காலை மாமா வீட்டுக்குப் போனேன். மாமி குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும், "வா வா. இந்த மனிசனோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினதுக்கு என்ர படத்தையெல்லோ நீ தூக்கியிருக்கோணும்," என்றா. மாமா பின்வளவில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மொடல், பயிற்சி, மனப்பாடம் என்று என்னவெல்லாமோ சொன்னேன். வகுப்பில் தூங்கும் மாணவர்களுக்குச் சொல்வதைவிட மோசமாகச் சொன்னேன்.

"நீ அங்க குளிருக்க தனியக் கிடக்கிறாய் எண்டுதான் நான் படம் அனுப்பினனான்," என்றார் மாமா. "கொம்மா அழுதுகொண்டிருப்பா. அவா அழுற படத்தையோ உனக்கு அனுப்பிறது? அதுதான் என்ர மூஞ்சியை அனுப்பினனான், நீ சிரிக்கட்டும் எண்டு. நீ சிரிக்கிறதுக்கு அனுப்பினது. ஊர் சிரிக்கிறதுக்கில்லை."

அந்த நாட்களில் செத்தவீட்டில் எடுத்த செல்ஃபிக்கெல்லாம் நான் சிரித்தது உண்மை. பஸ்ஸுக்குள் தனியாக இருந்து சிரித்து, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி எழும்பி வேறு இடத்துக்குப் போனதும் உண்டு. அதைச் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"மாமா, இண்டைக்கே பனரை இறக்கச் சொல்லிறன். தலைவரும் அதைத்தான் கேக்கிறார்."

மாமா ஊசியைக் கீழே வைத்தார். "தலைவரோ கேக்கிறார்?"

"ஓம்."

"அப்ப இறக்கக் கூடாது."

"ஏன் மாமா?"

"இறக்கினா என்ன சொல்லுவினம்? உந்த முகம் அதுக்குச் சரிவராதெண்டுதான் இறக்கினவை எண்டு சொல்லுவினம். ஏறினது ஏறினதுதான். கிடக்கட்டும்."

இப்படியாக, இறக்க வேண்டும் என்று தலைவர் ஒரு பக்கமும், இறக்கக்கூடாது என்று மாமா மறுபக்கமும் நிற்க, கோயில் வளவில் ஒரு கூட்டம் நடந்தது. உள்ளே வராத ஆளோடு கூட்டம் என்பதால் அது வாசலில்தான் நடந்தது. குடிகாரனின் படத்தை வணங்க முடியாது என்றார் தலைவர். புனிதரும் மீன்பிடிகாரர்தானே, அந்தக் காலத்தில் அவர் பின்னேரங்களில் என்ன குடித்தார் என்று தலைவருக்குத் தெரியுமோ என்று மாமா கேட்டார். பாதர் இருமினார். வேறு பனர் அடிப்பதென்றால் அச்சகத்தில் திருவிழா முடிந்த பிறகுதான் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். பனர் இல்லாத திருவிழாவா என்று பெண்கள் பக்கம் குரல் எழுந்தது. அதோடு தலைவர் தோற்றார்.

திருவிழா முடியும்வரை மாமா வாசலில் தொங்கினார். தவறணைக்குப் போனால் அங்கிருப்பவர்கள் நெருப்புக்குச்சி கொளுத்தி முன்னால் பிடித்து மண்டியிடுவார்கள் என்பதால் அந்தப் பக்கம் போகாமல் வீட்டில் வைத்துக் குடித்தார். அது மாமிக்குப் பெரிய முன்னேற்றமாகத் தெரியவில்லை. கடைசிநாள் பூசைக்கும் அவர் உள்ளே போகவில்லை. வெளியூர்களிலிருந்து பஸ்களும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்களும் வந்து குவிய, வாசலில் நின்று வாகனங்களுக்கு இடம் காட்டினார். அவர் நின்ற இடம் நேரே பனருக்குக் கீழே. இறங்கி வந்த சனம் மேலே ஒருமுறையும் கீழே ஒருமுறையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல், ஒருவித மரியாதையோடு உள்ளே போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. படம் தர மறுத்த ஊர்ச்சனம் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. முதலில் வந்தது சபைத் தலைவரின் மனைவி. கூறைச்சேலை, தலையில் பூ.

"ஊர் எண்டா உங்கட மாமன் மட்டுமோ?" என்று கேட்டா. "கொம்பியூட்டர் எங்களையும் பாக்கட்டுமன்."

அந்த விடுமுறை முழுவதும் நான் எங்கள் முற்றத்தில் கதிரை போட்டுப் படம் எடுத்தேன். சண்டை பிடித்த அயலவர்கள் யாருக்கு முதல் யார் என்று பிடுங்குப்பட்டார்கள். கோழிக்குஞ்சு யாரும் கேட்கவில்லை. ஆராய்ச்சி முறையியல் பற்றி எழுதும் இடத்தில், பங்கேற்பாளர்களை எப்படித் திரட்டினீர்கள் என்ற கேள்விக்கு "பொறாமையால்" என்று எழுத முடியாமல் போனது என் மனக்குறை.

கட்டுரையில் பொதுவான முகவமைப்பு என்ற அந்த வரியை வெட்டினேன். ஒரு ஆளின் படங்கள் உடையும் இடமும் மாறி மாறி வந்தால் வழக்கமான தடுப்பு முறைகள் ஏமாந்துவிடும் என்று மாற்றி எழுதினேன். முன்பிருந்ததைவிட அது உருப்படியான கட்டுரை. வெளிநாட்டு மாநாடொன்றில் ஏற்றுக்கொண்டார்கள். மாமாவின் படத்தைக் காட்ட அவரிடம் அனுமதி கேட்டபோது, ஒளிவட்டத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட படமும் வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். இரண்டையும் பக்கம் பக்கமாகத் திரையில் போட்டேன். மண்டபம் சிரித்தது. கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியை எழும்பி, மிக அக்கறையாக, "இடது பக்கம் இருப்பவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டா. இடது பக்கம் இருந்தது புனிதர். நலமாக இருக்கிறார், கடலுக்குப் போயிருக்கிறார் என்றேன்.

அடுத்த வருடத் திருவிழாவுக்குச் சபையார் என்னிடம் வரவில்லை. பீடத்தில் இருந்த சொரூபத்தை ஒருவர் ஃபோனில் எடுத்து அப்படியே அச்சடித்துவிட்டார்கள். புனிதரின் மூக்கில் ரியூப்லைற் வெளிச்சம் பட்டுத் தெறித்தது. யாரும் குறை சொல்லவில்லை.

நான் இப்போது களப்பு இறாலைப் படத்தில் பார்த்து அதன் பருமனைச் சொல்லும் மொடல் ஒன்றில் வேலை செய்கிறேன். இறாலில் எனக்குச் சொந்தக்காரர் இல்லை.